‘வெற்று நிலம்’: மும்பை நில வரலாற்றில் ஒரு தொடரின் பொருண்மை

மும்பை மாநகரில் வீடு கட்டுவதற்கும் வெளியைக் காப்பதற்கும் இடையே நிகழும் பூசல் நூறாண்டுக்கு மேற்பட்டது. நகரமைப்பு வல்லுநரும் சமூகவியலாரும் சூழலியலாரும் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளனர். மொழியியலாரின் நோக்கு இதன்பால் பெரிதும் சென்றதில்லை. ஆயினும் இப்பூசலின் திருப்புமுனைகள் சிலவற்றில் முடிவைத் தீர்மானித்தது மண்ணின் பரப்போ மக்களின் தொகையோ அன்று; ஒரு தொடரின் பொருள் வரையறையே எனக் கூறுதற்கு இடமுண்டு. சட்டங்களில் ‘வேகன்ட் லேண்ட்’ எனவும் ‘ஓப்பன் லேண்ட்’ எனவும், மராத்தி வழக்கில் ‘மோக்ளீ ஜாகா’ எனவும், தமிழில் ‘வெற்று நிலம்’, ‘காலி இடம்’, ‘திறந்தவெளி’ எனவும் வழங்கும் தொடர்கள் ஒரே பொருளைச் சுட்டுவனபோலத் தோன்றும். அவை அவ்வாறு சுட்டுவதில்லை என்பதையும், அவ்வேறுபாட்டால் மாதுங்கா, செம்பூர், தாராவி ஆகிய பகுதிகளில் வாழும் தமிழர் எய்திய பயன்களையும் இக்கட்டுரை நோக்குகிறது.

தமிழில் வெறுமையின் சொற்கள்

தரிசு, கரம்பு, பொட்டல், திடல், களம், மந்தை, வெளி, புறம்போக்கு எனக் கட்டடமில்லா நிலத்தைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள்ளன. இவற்றுள் எதுவும் ‘ஒன்றுமில்லாத இடம்’ எனப் பொருள்படுவதில்லை என்பது கருதத்தக்கது. கரம்பு உழவின்றி விடப்பட்ட நிலம்; களம் கதிரடிக்கும் இடம்; மந்தை கால்நடை கூடும் இடம். சென்னையின் மந்தைவெளி இன்று அடுக்குமாடிகளால் நிறைந்திருப்பினும் பெயர் பழைய பயனைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. புறம்போக்கு என்பது வருவாய்த் துறைச் சொல். தீர்வைக்குப் புறம்பான நிலம் என்பதே அதன் பொருள். ஏரிப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, களத்துப் புறம்போக்கு, வண்டிப்பாதைப் புறம்போக்கு என அதன் வகைகளை நோக்கின், ஊரார் அனைவரும் நாள்தோறும் பயன்படுத்தும் நிலமே அப்பெயரால் சுட்டப்பட்டது புலனாகும். வரி வாராமையை வைத்துப் பயனின்மையைக் கருதிய பார்வையே பிற்காலத்தில் அச்சொல்லை வசைமொழியாகவும் ஆக்கியது எனலாம்.

‘காலி’ என்னும் சொல்லின் தன்மை வேறு. அரபு மூலத்தினின்று இந்துஸ்தானி வழியாகத் தமிழுக்கு வந்த இச்சொல் எப்போதும் ஒரு கொள்கலத்தை முன்னிறுத்துவது. காலிக்குடம் என்றால் நிரப்பப்படவேண்டிய குடம். காலி நாற்காலி என்றால் ஒருவர் அமரவேண்டிய நாற்காலி. எனவே ‘காலி இடம்’ எனும்போதே இனி நிரம்பவேண்டிய இடம் என்னும் எதிர்பார்ப்பு அத்தொடரில் அடங்கிவிடுகிறது. களம், மந்தை முதலியவற்றில் இவ்வெதிர்பார்ப்பு இல்லை.

இவ்விடத்தில் பழைய சொற்கள் இரண்டின் எதிரெதிர்ப் போக்கு நினைக்கத்தக்கது. மன்றம் என்பது சங்க நூல்களில் ஊரின் நடுவே மரத்தடியில் அமைந்த பொதுவெளியைக் குறித்தது. இன்று நீதிமன்றம், சட்டமன்றம் எனக் கட்டடத்துள் இயங்கும் அமைப்புகளைக் குறிக்கிறது. மனை என்பது முதன்மையாக வீட்டையும் இல்வாழ்வையும் குறித்தது. இன்று ‘மனை விற்பனைக்கு’ என்னும் விளம்பரத்தில் வீடில்லாத நிலத்துண்டைக் குறிக்கிறது. வெளி கட்டடமாயிற்று, வீடு வெறுநிலமாயிற்று. பொருள் மாற்றம் இயல்பான நிகழ்ச்சியே. சட்டம் அதனை ஓர் ஆணையால் ஒரே நாளில் நிகழ்த்த வல்லது என்பதுதான் வேறுபாடு.

மாதுங்கா: வயல் போய்ப் பூங்கா வந்தது

1896இல் பம்பாயைத் தாக்கிய கொள்ளைநோயை அடுத்து, 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை சட்டத்தால் நிறுவப்பட்டது. தெற்கே நெருக்கமான குடியிருப்புகளை இடித்தலும் வடக்கே புதிய குடியிருப்புகளுக்கு நிலம் சமைத்தலும் அதன் இரட்டைப் பணிகள். தாதர், மாதுங்கா, வடாலா, சயான் ஆகிய பகுதிகளில் அது கையகப்படுத்திய நிலத்தில் நெல்வயல்களும் தோப்புகளும் சிற்றூர்களும் இருந்தன. அவற்றை நிரவி, நேரான தெருக்களும் மரவரிசைகளும் பூங்காக்களும் வகுத்து மனைகளாக்கிக் குத்தகைக்கு விட்டனர். பார்சி குடியிருப்பை ஒட்டிய ஐந்து பூங்காக்களும், அந்நாளில் கிங்ஸ் சர்க்கிள் என வழங்கி இன்று மகேசுவரி உத்தியான் எனப் பெயர்பெற்ற வட்டப் பூங்காவும் இத்திட்டத்தின் எச்சங்கள்.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்தல் வேண்டும். மாதுங்காவின் திறந்தவெளி இயற்கையாய் எஞ்சிய நிலம் அன்று. வயல்வெளி முழுவதும் முதலில் கட்டட நிலமாக மாற்றப்பட்டு, அதனுள் ஒரு பகுதி திட்டமிட்டுக் கட்டடமின்றி விடப்பட்டது. ஆகவே ‘திறந்தவெளி’ என்பது இந்நகரில் தொடக்கம் முதலே கட்டடத்துக்கு எதிர்ச்சொல்லாக அன்றி, கட்டடத் திட்டத்தின் உட்கூறாகவே பிறந்தது. உழவரின் வயல் அத்திட்டத்தின் கணக்கில் ‘வெளி’யாகக் கொள்ளப்படவில்லை.

1920களிலும் 1930களிலும் அலுவலக எழுத்தர்களாகவும் தட்டச்சர்களாகவும் வந்த தமிழரும் பிற தென்னிந்தியரும் மாதுங்காவின் அடுக்ககங்களில் குடியேறினர். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் இங்குத் தோன்றியது. கழிப்பறை உள்ளடங்கிய தனி அடுக்ககம் என்னும் வீட்டு வடிவம் இக்குடியேறிகளிடையே வேரூன்றிய வரலாற்றை நிகில் ராவ் 2013இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். தோட்டமற்ற வீடு என்பதே அந்நூல் தலைப்பின் கருத்து. தோட்டம் வீட்டினின்று நீங்கித் தெருமுனைப் பூங்காவாகப் பொதுமையாயிற்று. இக்கட்டுரையாளர் சிறுவயதில் விளையாடியதும் அத்தகைய பூங்கா ஒன்றிலேயே. வெளியைக் காக்கவேண்டும் என்னும் குரல் இந்நகரில் பெரும்பாலும் இத்தகைய பூங்காக்களை அடுத்து வாழ்வோரிடமிருந்தே எழுகிறது என்பதையும் மறைப்பதற்கில்லை.

தெற்கே இடிக்கப்பட்ட வீடுகளுக்கு ஈடாக அறக்கட்டளை தொடக்க ஆண்டுகளில் கட்டியவை மிகக் குறைவு. நகரின் விளிம்புக்குத் தள்ளப்பட்ட தொழில்களும் ஏழை மக்களும் சென்றடைந்த இடங்களுள் ஒன்று தாராவி. கோலி மீனவரின் பழைய குடியிருப்பான அங்கு, மாகிம் கழிமுகத்தின் சதுப்பு மெல்லத் தூர்க்கப்பட்டு, திருநெல்வேலிப் பகுதியினின்று வந்த தமிழரும் பிறரும் தோல் பதனிடும் தொழிலைச் சூழ்ந்து குடியேறினர். மாதுங்காவுக்கும் தாராவிக்கும் இடையே இருப்பது ஓர் இருப்புப்பாதை. ஒருபுறம் நிலத்தை அரசு சமைத்துத் தந்தது. மறுபுறம் மக்களே சமைத்துக்கொண்டனர். முன்னது ஆவணங்களில் ‘எஸ்டேட்’ ஆயிற்று. பின்னதற்கு வாய்த்த சட்டப் பெயரை அடுத்துக் காண்போம்.

மக்கள் நிறைந்த ‘வெற்று நிலம்’

1975இல் மகாராட்டிர அரசு வெற்று நிலங்களில் அனுமதியற்ற குடியேற்றத்தைத் தடுத்து விரைந்து வெளியேற்றுதற்கான சட்டம் ஒன்றை இயற்றியது. அதன் பெயரிலேயே ‘வேகன்ட் லேண்ட்ஸ்’ என்னும் தொடர் உள்ளது. அச்சட்டத்தின் வரையறைப்படி, கட்டப்படாத நிலம் மட்டுமன்று, சட்டமுறைக்கு மாறாகக் கட்டடம் எழுந்துள்ள நிலமும் தகுதிபெற்ற அலுவலரின் ஆணையால் ‘வெற்று நிலம்’ எனப்படும். உழவு நிலம், உழவில்லா நிலம் என்னும் வேறுபாடும் கருதப்படவில்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அடுப்பெரித்து வாழும் நிலம் சட்டத்தின் கண்ணில் வெறுமையாயிற்று.

அடுத்த ஆண்டே, 1976இல், நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டத்தை நடுவண் அரசு கொணர்ந்தது. அதிலும் ‘வெற்று நிலம்’ என்பதே அடிப்படைச் சொல். பம்பாயில் ஒருவர் வைத்திருக்கத்தக்க வெற்று நிலம் 500 சதுர மீட்டர் என அது வரம்பு கட்டியது. ஆயின் அதன் வரையறை முற்றிலும் வேறு. முதன்மையாக உழவுக்குப் பயன்படும் நிலம் அதில் வெற்று நிலம் அன்று. கட்டட விதிகள் கட்டடத்துக்கு இடந்தராத நிலமும் வெற்று நிலம் அன்று. உரிய இசைவுடன் கட்டடம் அமைந்த நிலமும் அவ்வாறே. ஆகவே ஒரே நகரில், ஒரே காலத்தில், ஒரே தொடர் இருவேறு பொருளில் வழங்கியது. கட்டடம் எழுப்பக் கூடாத புல்வெளி ஒன்று உச்சவரம்புச் சட்டத்தின்படி வெறுமையற்றது. குடிசைகள் நெருங்கிய நிலமோ 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வெறுமையானது. இவ்விரு சட்டங்களையும் தமிழில் பெயர்க்கும் ஒருவர் இரண்டிடத்தும் ‘காலி நிலம்’ என எழுதுவாராயின் சொல்லளவில் பிழை இல்லை. பொருளளவில் படிப்போர் ஏமாற்றப்படுவர்.

இதன் விளைவை அறியச் செம்பூரை அடுத்த டிராம்பேக்குச் செல்லவேண்டும். அங்கு அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டி ஜனதா காலனி என்னும் குடியிருப்பு இருந்தது. நகரின் வேறிடங்களினின்று அகற்றப்பட்டவர்களை 1940களின் இறுதியில் மாநகராட்சியே குடியமர்த்திய இடம் அது. தமிழ் பேசுவோர் அங்கு மிகுதி. கோலார் தங்கவயலிற் பிறந்து பின்னாளில் தேசியக் குடிசைவாழ்வோர் கூட்டமைப்பை உருவாக்கிய ஜோக்கின் அற்புதம் தம் பொதுவாழ்வைத் தொடங்கியதும் அங்கேயே. நீண்ட போராட்டத்துக்கும் வழக்குக்கும் பின், நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே 17இல் அக்குடியிருப்பு இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 70,000 பேர் அருகிலிருந்த சீத்தா கேம்ப் என்னும் சதுப்பு ஓரத்துக்கு மாற்றப்பட்டனர். அவர்கள் அச்சதுப்பைத் தாமே தூர்த்து வாழிடமாக்கினர். ஈரநிலத்தை அழித்தோர் குடிசைவாசிகள் எனக் குறை கூறும்போது, அவ்வீரநிலத்தில் அவர்களைக் கொண்டுபோய் விட்டவர் யார் என்பதையும் உடன் எழுதுதல் வரலாற்று நேர்மையாகும்.

1975ஆம் ஆண்டுச் சட்டம் பின்னர்ச் செல்லாதென உச்ச நீதிமன்றத்தால் தள்ளப்பட்டது. உச்சவரம்புச் சட்டம் நடுவண் அரசால் 1999இலும் மகாராட்டிரத்தில் 2007இலும் விலக்கிக்கொள்ளப்பட்டது. சட்டங்கள் மறைந்தன, ‘காலி’ என்னும் சொல்லோடு அவை பழக்கிய பார்வை நின்றுவிட்டது.

ஆலை நிலம்: ஒரு பெயரடையின் விலை

மொழிபெயர்ப்பாளர்கள் கூர்ந்து கற்கவேண்டிய வழக்கு மாதுங்காவுக்குத் தெற்கே, பரேல், லால்பாக் பகுதிகளின் பஞ்சாலை நிலங்களைப் பற்றியது. 1982இல் தொடங்கிய பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பின் நலிந்த ஆலைகளின் நிலம் ஏறத்தாழ 600 ஏக்கர். 1991ஆம் ஆண்டின் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளுள் 58ஆம் விதி, அந்நிலத்தை மறுபயன்பாட்டுக்குக் கொணரும்போது ஏறத்தாழ ஒரு பங்கு பொதுவெளிக்காக மாநகராட்சிக்கும், ஒரு பங்கு பொதுமக்கள் வீட்டு வசதிக்காக மகாடா எனப்படும் வீட்டுவசதி ஆணையத்துக்கும், ஒரு பங்கு உடைமையாளருக்கும் எனப் பகிர வழிசெய்தது. வீட்டுக்கும் வெளிக்கும் ஒருசேர இடம் தந்த ஏற்பாடு அது. இந்நகர வரலாற்றில் அத்தகையவை அரியவை.

2001இல் அவ்விதி திருத்தப்பட்டது. பங்கீடு ‘ஓப்பன் லேண்ட்’ அளவுக்கே பொருந்தும் என்றாயிற்று. இப்போது வினா முழுமையும் அப்பெயரடையைச் சார்ந்தது. திறந்த நிலம் என்பது எது? ஆலைக் கட்டடம் இன்று நிற்காத, முன்பே வெளியாகக் கிடந்த நிலம் மட்டுமா? கட்டடத்தை இடித்தபின் வெளியாகும் நிலமும் அடங்குமா? ஆலைகள் தம் நிலத்தின் பெரும்பகுதியைக் கொட்டகைகளால் மூடியிருந்தமையால், முதற்பொருளைக் கொண்டால் பொதுப்பங்கு மிகச் சுருங்கும்.

பம்பாய்ச் சுற்றுச்சூழல் செயற்குழு தொடுத்த வழக்கில் 2005 அக்டோபரில் மும்பை உயர் நீதிமன்றம் இரண்டாம் பொருளை ஏற்றது. இடித்தபின் வெளியாகும் நிலமும் திறந்த நிலமே என்றது. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதனை மாற்றி முதற்பொருளையே நிறுவியது. ‘திறந்த’ என்னும் பெயரெச்சம் தமிழில் இறந்தகால வடிவினது. முன்பே திறந்திருந்தது என்றும், இனித் திறக்கப்பட்டபின் திறந்ததாவது என்றும் சூழல் நோக்கி அதனைக் கொள்ளலாம். ஆங்கிலப் பெயரடையில் காலம் இல்லை. அக்காலத்தை வருவித்து உரைப்பதே வழக்காயிற்று. அந்தக் கால வேறுபாட்டின் மதிப்பு பல நூறு ஏக்கர். ஆலைப் புகைபோக்கிகள் நின்ற இடத்தில் இன்று வணிக வளாகங்களும் வானளாவிய மாடிகளும் நிற்கின்றன. தொழிலாளர்க்கு வீடும் சிறுவர்க்குத் திடலும் முதற்கணக்கிற் குறித்த அளவிற் கிட்டவில்லை.

உப்பளமும் தாராவியும்

மும்பையின் 2034 வளர்ச்சித் திட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்தது. அதில் ஒரு பெயர்மாற்றம் உண்டு. முந்தைய திட்டத்தில் ‘வளர்ச்சியில்லா மண்டலம்’ எனப் பொருள்படும் பெயரால் வழங்கிய நிலங்களின் பெரும்பகுதி புதிய திட்டத்தில் ‘சிறப்பு வளர்ச்சி மண்டலம்’ ஆயிற்று. எதிர்மறை அடை நீங்கிச் சிறப்படை வந்தது. மலிவு வீடுகளுக்காக அந்நிலங்களும் உப்பளங்களின் ஒரு பகுதியும் திறந்துவிடப்பட்டன. கட்டடத்துக்கு விடுதலையே ‘திறத்தல்’ எனப்பட்டது என்பது நோக்கத்தக்கது. திறந்த நிலத்தை மீண்டும் திறப்பது எங்ஙனம் என மொழியியலார் வினவலாம்.

உப்பளம் வெற்று நிலம் அன்று என்பதைத் தமிழ் அறிந்தோர்க்கு விளக்கவேண்டுவதில்லை. அளம் என்னும் பழஞ்சொல்லே அதற்கு உண்டு. நெய்தல் நிலத்துத் தொழிலாக உப்பு விளைத்தலும், அதனை வண்டியேற்றிச் சென்ற உமணரும் சங்க இலக்கியத்தில் பேசப்படுகின்றனர். மும்பையின் கிழக்குக் கரையில் ஆக்ரி சமூகத்தார் தலைமுறைகளாக உப்பு விளைத்துள்ளனர். விளைச்சல் நின்ற அளங்களும் ஒரு தொழிலைச் செய்கின்றன. 2005 சூலை 26இல் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாகி மித்தி ஆறு கரைபுரண்டபோது, நீர் சென்று தங்குதற்கு இடமில்லாமையின் விலையை நகரம் உயிர்களால் செலுத்தியது. தாழ்ந்த அளம் அந்நீருக்கான இருக்கை. அது ‘காலி’யாக இருப்பதே அதன் பயன்.

தாராவிச் சீரமைப்புத் திட்டம் இவ்விரு நிலங்களையும் ஒன்றோடொன்று பிணைத்துள்ளது. 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய் ஏலத்தொகையில் அத்திட்டத்தைப் பெற்றது. தாராவிக்குள்ளேயே வீடு பெறும் தகுதி, 2000 சனவரி 1க்கு முன்னர்த் தரைத்தளத்தில் குடியிருந்தோர்க்கு என வரையறுக்கப்பட்டது. பிறருக்கு வாடகை வீடுகள் முதலியன நகரின் வேறிடங்களில். அதன்பொருட்டு காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்டு பகுதிகளின் உப்பளங்களில் 255.9 ஏக்கர் ஒதுக்குதற்கு மாநில அமைச்சரவை 2024இல் இசைவளித்தது. செம்பூருக்குக் கிழக்கே தேவனார்க் குப்பைக் கிடங்கின் ஒரு பகுதியும் இவ்வாறே ஒதுக்கப்பட்டது. 1927 முதல் நகரின் கழிவு குவிந்த நிலம் அது.

இங்குப் பூசல் வீட்டுக்கும் வெளிக்கும் இடையிலானது என எழுதுவதே வழக்கமாகிவிட்டது. அவ்வாறு எழுதின், உப்பளத்தைக் காக்க விரும்புவோர் தாராவி ஏழைக்கு வீடு வேண்டாதவர் ஆகின்றனர். வீடு கேட்கும் ஏழை வெள்ளத்துக்குப் பொறுப்பாளி ஆகின்றார். ஆயின் ‘தகுதியற்றோர்’ என்னும் சொல்லாலன்றோ ஒரு பகுதியினர் தாராவியினின்று உப்பளத்தை நோக்கி நகர்த்தப்படுகின்றனர்? ‘வெற்று நிலம்’ என்னும் சொல்லாலன்றோ உப்பளம் அவர்களை ஏற்கும் இடமாயிற்று? இரு வகைச் சொற்களும் ஒரே ஆவணக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நூறு சதுர அடி அறையில் அறுவர் வாழும் குடும்பத்துக்கு வீடு வேண்டும் என்பதில் இக்கட்டுரையாளர்க்கு ஐயமில்லை. அவ்வீடு எங்கே என்பதைத் தீர்மானிக்கும் சொற்கள் அவர்தம் மொழியில் அவர்க்கு விளங்கவேண்டும் என்பதே ஈண்டு வேண்டப்படுவது.

வாசல்

தாராவியின் தமிழ் வழக்கில் மராத்தி, இந்திச் சொற்கள் இயல்பாகக் கலந்துள்ளன. அறையைக் ‘கோலி’ என்பர்; வரிசை வீட்டைச் ‘சால்’ என்பர்; நிலம், இடம் இரண்டையும் ‘ஜாகா’ என்பதும் உண்டு. வீட்டின் உள்ளும் கட்டடமும் கடன்சொற்களால் சுட்டப்பட, வீட்டுக்கு வெளியே உள்ளதைச் சுட்டும் சொற்கள் பெரிதும் தமிழாகவே நிலைத்துள்ளன. வாசல், முற்றம், திண்ணை, சந்து என்பன அவை. சில ஆண்டுகளுக்கு முன் அங்குச் சொற்கள் திரட்டியபோது, கணக்கெடுப்பு ஒன்றிற்காக வழங்கப்பட்ட படிவத்தின் தமிழ் வடிவம் இக்கட்டுரையாளரிடம் காட்டப்பட்டது. வீட்டின் முன்னே உள்ள சுவரில்லா இடம் அதில் ‘காலி இடம்’ என்னும் தலைப்பின் கீழ் வந்தது. முதிய தாய் ஒருவர் அங்கேதான் மூங்கில் கூடைகளைக் கவிழ்த்து அப்பளம் உலர்த்திக்கொண்டிருந்தார். அத்தலைப்பைப் படித்துக் காட்டியதும், “காலி எடம் இல்ல தம்பி, வாசல்லா” என்றார். ‘வாசல் அல்லவா’ என்பதன் நெல்லை வடிவம் அது. அவருடைய வருவாய் முழுவதும் அந்த ஆறடி இடத்தில் வெயில் விழும் நேரத்தைச் சார்ந்தது.

குயவர் குடியிருப்பான கும்பார்வாடாவிலும் இதுவே நிலை. வீட்டு வரிசைகளுக்கு இடையே சூளைகளும் பச்சைப் பானைகள் உலரும் தரையும் உள்ளன. அளவையாளர் வரைபடத்தில் அது கட்டப்படாத பரப்பு. சௌராட்டிரத்தினின்று வந்த அக்குயவர்க்கு அது தொழிற்கூடம். புதிய அடுக்ககத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 350 சதுர அடி எனக் கணக்கிடும்போது கணக்கில் வருவது சுவருக்குள் அடங்கிய பரப்பே. வாசலும் சூளைத்தரையும் ஈடு செய்யப்படுவதற்கு முதலில் அவற்றுக்குப் பெயர் இருத்தல் வேண்டும்.

ஆதலின் இத்துறை ஆவணங்களைத் தமிழாக்குவோர்க்குச் சில கூறலாம். சட்டம் வரையறுத்த பொருளில் வரும் ‘வேகன்ட் லேண்ட்’ என்பதைக் ‘காலி’ எனப் பெயர்ப்பதினும், ‘வெற்று நிலமென அறிவிக்கப்பட்ட நிலம்’ எனச் செய்தவரைச் சுட்டும் வினையுடன் பெயர்த்தல் நன்று. நீண்ட தொடரே, எனினும் வெறுமை நிலத்தின் குணமன்று, அறிவிப்பின் விளைவு என்பது அதனால் வெளிப்படும். ஆலை நிலத் தீர்ப்பில் வரும் தொடருக்குக் ‘கட்டடம் இல்லாதிருந்த நிலம்’ எனக் காலம் வெளிப்பட எழுதலே பொருந்தும். ‘ஓப்பன் ஸ்பேஸ்’ என்பது பூங்காவா, விளையாட்டிடமா, கட்டடங்களிடையே விடவேண்டிய இடைவெளியா என மூலத்தை நோக்கித் தெளிந்தபின்னரே ‘திறந்தவெளி’ என்னும் பொதுச்சொல்லைப் பயன்படுத்தலாம். மக்கள் தம் வாயால் சொல்லும் வாசல், களம், அளம் ஆகியவற்றைப் படிவத்தில் அப்பெயராலேயே குறிக்க இடமிருப்பின் குறித்துவிடல் வேண்டும். மேற்சொன்ன படிவத்தின் தமிழ் வடிவில் ‘குறிப்புகள்’ என ஒரு கட்டம் கடைசியில் இருந்தது. அத்தாய் கேட்டுக்கொண்டபடி அதில் ‘வாசல், அப்பளம் உலர்த்துமிடம்’ என எழுதித் தரப்பட்டது.